உள்ளங்கை அளவு ஆசை

காரின் மேனியில் கை வைத்தால் சட்டம் விரட்டுகிறது. கார்ப் பிரியர்களுக்கு மிச்சம் இருப்பது கியர் குமிழ்தான். ஆனால் கொச்சியின் சந்துகளில் அதை மாற்றுவதும் விளையாட்டு அல்ல.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் காலை நேரத்தில் காரோட்டுகிறவருக்கு, மூன்றாவது கியர் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். ஒரு பக்கம் மூட்டை இறக்கும் லாரி. மறு பக்கம் மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிட்டங்கி. நடுவில் எஞ்சிய இடத்தில் எதிரே ஓர் ஆட்டோ. முதல் கியர், இரண்டாவது, மறுபடி முதல். லாரி நகர மறுத்தால் ரிவர்ஸ். குதிரை வண்டிக்கும் கைவண்டிக்கும் போட்ட தெருவில் காரை ஓட்டினால் இடது கைக்கு ஓய்வு கிடையாது.

காரில் எந்தப் பாகத்தை அவர் அதிகம் தொடுகிறார் என்று கணக்கெடுத்தால், ஸ்டியரிங்குக்கு அடுத்த இடம் கியர் லீவரின் தலையில் இருக்கும் அந்தச் சின்னக் குமிழுக்குத்தான். பெரும்பாலான கார்களில் அது வெறும் கறுப்பு பிளாஸ்டிக். சில வருடங்களில் எண்கள் அழிந்து, மேல்தோல் உரிந்து, பிசுபிசுக்க ஆரம்பிக்கிறது. அப்போதுதான் புதுக் குமிழ் வாங்கும் யோசனை வருகிறது. வந்த யோசனை எளிதில் விடுவதில்லை. எஃகு உருண்டை, அலுமினிய உருளை, ஈட்டி மரம், தோல் உறை, உள்ளே பூ உறைந்த கண்ணாடிக் குண்டு என்று கடைகளில் ரகங்களுக்குக் குறைவில்லை. விலையும் சில நூறு ரூபாயில் தொடங்கிப் பல ஆயிரம் வரை போகிறது.

இது வெறும் அலங்கார ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. கேரளத்தில் இந்தக் குமிழுக்குப் பின்னால் ஒரு சட்டக் கதை இருக்கிறது.

துரத்தும் சட்டம்

காரை ‘மாற்றுவதில்’ மலையாளிகளுக்கு உள்ள மோகம் நாடறிந்தது. அகலமான டயர், முழங்கும் சைலன்சர், கண்ணைக் கூசவைக்கும் விளக்கு, உயர்த்திய ஜீப் என்று அவர்கள் விட்டுவைத்த பாகம் குறைவு. இதற்கெல்லாம் கடிவாளம் போட்டது 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. கேரளத்திலிருந்து போன வழக்குதான் அது. மாற்றங்களுக்கு இடம் கொடுத்திருந்த கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்த நீதிபதிகள், 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவை அழுத்தமாக நினைவுபடுத்தினார்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்பது அதன் சாரம்.

அதே வருடம் ஆகஸ்டில் நிறைவேறிய திருத்தச் சட்டம் கடிவாளத்தை மேலும் இறுக்கியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2022 அக்டோபர் 5 இரவு வடக்கஞ்சேரியில், எர்ணாகுளம் மாவட்டம் முளந்துருத்தியிலிருந்து பள்ளி மாணவர்களை ஏற்றிவந்த சுற்றுலா பஸ், அரசு பஸ்மீது மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். அதன் பிறகு மோட்டார் வாகனத் துறையின் சோதனைகள் மேலும் கடுமையாயின.

கியர் குமிழ் இந்த வேட்டையில் அகப்படாத பிராணி. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் எண், சேஸிஸ் எண், நிறம், இருக்கை எண்ணிக்கை, எரிபொருள் எல்லாம் உண்டு. குமிழ் பற்றி ஒரு வரிகூட இல்லை. நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகம் ஏற வேண்டும். குமிழை மாற்ற யாரிடமும் போக வேண்டியதில்லை. பத்து நிமிட வேலை. பிடிக்கவில்லை என்றால் பழையதைத் திருப்பி மாட்டிவிடலாம்.

சட்டம் கேள்வி கேட்காத இடத்தில் உரிமையாளர்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது கைக்கு.

தரைக்கு இறங்கிய கியர்

இந்தியாவில் கியர் லீவர் ஓட்டுநரின் முழங்காலுக்குப் பக்கத்தில் நிலைகொண்டது அவ்வளவு பழைய கதை அல்ல. அம்பாஸடரிலும் ஃபியட்டிலும் அது ஸ்டியரிங் தண்டிலிருந்து பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்தது. முன் இருக்கையில் மூன்று பேர் உட்கார அதனால்தான் இடம் கிடைத்தது. அந்த மெல்லிய கம்பியின் நுனியில் இருந்த குமிழை விரல்களால் பிடித்தால் போதும். உள்ளங்கைக்கு வேலை இல்லை.

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, லீவரைத் தரையிலேயே வைத்திருந்தது. ஜீப்பிலும் அப்படித்தான். ஆனால் நடுத்தரக் குடும்பங்களுக்கு அந்தப் பழக்கத்தைப் பரவலாக்கியது 1983 டிசம்பரில் வந்த மாருதி 800. அம்பாஸடரும்கூட 1990களில் இசுசு எஞ்சினும் ஐந்து கியரும் பெற்றபோது லீவரைத் தரைக்கு இறக்கிக்கொண்டது. இடது கை கீழே இறங்கியதும் குமிழ் உள்ளங்கைக்குள் வந்தது. அதன் வடிவமும் எடையும் சூடும் அப்போதுதான் ஒரு விஷயமாயின.

லாரிக்காரர்களுக்கு இது முன்பே தெரியும். இரவும் பகலும் லீவரோடு மல்லுக்கட்டியவர்கள் அவர்கள். ரோஜாப்பூவும் தேளும் உறைந்த கண்ணாடி போன்ற குண்டுகளை லீவரில் திருகிக்கொண்டார்கள். இன்று கார்க்காரர் ஆயிரக்கணக்கில் செலவழித்துச் செய்வதை, நெடுஞ்சாலை ஓரக் கடையில் சொற்பக் காசுக்கு அவர்கள் எப்போதோ செய்து முடித்துவிட்டார்கள்.

மரை பொருந்தினால்தான் மணம்

குமிழ் வாங்கப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது அதன் முகத்தை அல்ல, அடியை. லீவரின் நுனியில் மரை வெட்டியிருக்கும். அதன் விட்டமும் மரைகளுக்கு இடையிலான தூரமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். ஹோண்டா கார்களில் பொதுவாக 10 மில்லிமீட்டர் விட்டம், மரை இடைவெளி 1.5. நிஸ்ஸான், மிட்சுபிஷி வண்டிகளில் விட்டம் அதே 10, இடைவெளி 1.25. டொயோட்டாவில் விட்டம் 12, இடைவெளி 1.25. விட்டம் ஒன்றாக இருப்பதால் ஹோண்டா குமிழ் நிஸ்ஸான் லீவரில் இரண்டு சுற்று ஏறும். பிறகு இறுகும். அங்கே பலத்தைக் காட்டினால் லீவரின் மரை போச்சு. குமிழ் போனால் சில நூறு ரூபாய். லீவர் போனால் கியர் மெக்கானிக்கின் பில்.

ஐரோப்பிய வம்சத்துக் கார்கள் பலவற்றில் மரையே கிடையாது. குமிழ் அழுத்திப் பொருத்தப்பட்டு, கிளிப்பில் நிற்கும். இவற்றுக்காக ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்ற அட்டையோடு ஒரு ரகம் விற்கிறார்கள். உள்ளே ரப்பர் வளையம்; பக்கவாட்டில் மூன்று பொடித் திருகாணிகள். லீவரைக் கடித்துப் பிடித்துக்கொள்வதாக ஏற்பாடு. குண்டும் குழியுமான சாலையில் அதிர்ந்து அதிர்ந்து திருகாணிகள் தளரும். எல்லோருக்கும் பொருந்தும் சட்டை யாருக்கும் சரியாகப் பொருந்தாது என்ற தையல்காரர் நியாயம் இங்கேயும் செல்லும். காருக்கென்றே செய்த குமிழ், அல்லது சரியான மரையுள்ள அடாப்டர், இரண்டில் ஒன்றுதான் நம்பகமானது.

ஆடுகிற குமிழைப் பசை போட்டு ஒட்டுவது இன்னொரு தவறு. அடுத்த முறை கழற்ற வரும்போது லீவரையே அறுக்க வேண்டிவரும். குமிழின் அடியில் ஒரு பூட்டு நட்டு போட்டு இறுக்கினால் எண்கள் நேராகவும் நிற்கும், குமிழும் சுழலாது. லீவரைச் சுற்றிய தோல் பாவாடையையும் பார்க்க வேண்டும். பல கார்களில் அது குமிழின் கழுத்தில்தான் தொங்குகிறது. புதுக் குமிழில் அதற்கு இடமில்லை என்றால் பாவாடை கீழே சரிந்து லீவரின் எலும்பு தெரியும்.

பின்னால் போகும் ஆபத்து

அழகைவிட முக்கியமான விஷயம் ரிவர்ஸ். ஓடும்போது தவறி ரிவர்ஸ் விழாமல் இருக்க ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். சில கார்களில் லீவரைக் கீழே அழுத்த வேண்டும். சிலவற்றில் குமிழுக்குக் கீழே உள்ள வளையத்தை விரலால் தூக்க வேண்டும். முதல் வகையில் குமிழை மாற்றுவதால் பாதகம் இல்லை. வளையம் உள்ள கார்தான் வம்பு. புதுக் குமிழ் வளையத்தின் பாதையில் உட்கார்ந்துவிட்டால் அதைத் தூக்க முடியாது, ரிவர்ஸே விழாது. வளையத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் குமிழை மாட்டுகிற சூரர்களும் உண்டு. அவர்கள் கழற்றியது ஒரு பாதுகாப்புக் கருவியை. வளையம் தடையில்லாமல் ஏறி இறங்காத குமிழ் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்தக் காருக்கு ஆகாது.

அடுத்து, தலையில் பொறித்த எண்கள். சில கார்களில் ரிவர்ஸ் முதல் கியருக்குப் பக்கத்தில், இடது ஓரத்தில் இருக்கிறது. சிலவற்றில் ஐந்தாவதுக்கு நேர் கீழே. ஆறு கியர் பெட்டி என்றால் வரைபடமே வேறு. மொட்டைத் தலைக் குமிழ் பார்க்க எடுப்பாக இருக்கும். உரிமையாளருக்குக் கியர் எங்கே என்று கையே சொல்லும். ஆனால் வண்டியை எடுக்கப்போவது அவர் மட்டும்தானா? மனைவி, மகன், சர்வீஸ் ஸ்டேஷன் பையன், ஓட்டலில் கார் நிறுத்தித் தருகிறவர் என்று பலர் கை படும். வேறு காரின் வரைபடம் பொறித்த குமிழ் மொட்டைத் தலையைவிட மோசம். அது பொய் சொல்கிறது.

மட்டாஞ்சேரி போன்ற இடத்தில் இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பின்னால் இரண்டடியில் கடைத் திண்ணை, அதில் ஆட்கள். ஃபோர்ட் கொச்சியில் வைப்பினுக்குப் போகும் ரோரோ படகில் கார் ஏறும்போது சரிவின் முடிவில் இருப்பது காயல். அந்த நேரத்தில் கைக்குள் குமிழ் ஒரு சுற்று சுற்றினாலோ, முதல் கியர் என்று நினைத்த இடத்தில் ரிவர்ஸ் இருந்தாலோ, விலை குமிழோடு நிற்காது.

கனமா, லேசா?

கார்ப் பிரியர்கள் ஓயாமல் சண்டை போடும் விஷயம் எடை. கனமான குமிழை ஒரு முறை தள்ளினால், அதன் வேகமே லீவரை மிச்ச தூரம் இழுத்துச் செல்கிறது. சுத்தியலின் தலை கனமாக இருப்பதன் தத்துவமேதான். கியர் வழுக்கிக்கொண்டு விழுவது போன்ற சுகம் அதில் கிடைக்கும். கால் கிலோவைத் தாண்டும் எஃகு உருண்டைகளுக்குக் கிராக்கி இருப்பதற்குக் காரணம் இதுவே. ஹோண்டா நிறுவனமே சிவிக் டைப் ஆர் காரின் 2020 மாடலில், குமிழுக்குள் 90 கிராம் எடையைத் தனியாக வைத்தது.

எதிர்க் கட்சியும் வலுவானதுதான். லேசான குமிழில் கியர் பெட்டிக்குள் நடப்பது கைக்குத் துல்லியமாகத் தெரியும். போர்ஷே நிறுவனம் 1970இல் லெமான்ஸ் பந்தயத்தை வென்ற 917 காரில், எடையைக் குறைக்கும் வெறியில், பால்சா என்ற பஞ்சு போன்ற மரத்தில் குமிழ் செய்தது. அதன் நினைவாகப் பிற்காலத்தில் தனது கரேரா ஜிடி காருக்கும் மரக் குமிழையே வைத்தது.

கொச்சிக்காரருக்கு எது? கியர் பெட்டி நல்ல நிலையில் இருந்தால் மிதமான கனம் கைக்கு இதம். ஓடித் தேய்ந்த பழைய வண்டியில், இணைப்புகள் லொடலொடத்திருந்தால், கனக் குமிழ் ஒவ்வொரு குழியிலும் லீவரை ஆட்டிக் கடகடக்கும். அங்கே முதல் தேவை குமிழ் அல்ல, புஷ். உயரத்தையும் கவனிக்க வேண்டும். உயரமான குமிழில் கியர் லேசாக விழும், ஆனால் கை அதிக தூரம் போக வேண்டும். குள்ளமான குமிழில் தூரம் குறைவு, பலம் அதிகம் வேண்டும். நாள் முழுக்க முதல், இரண்டு என்று மாற்றும் நெரிசல் ஊரில், குள்ளக் குமிழ் மாலைக்குள் மணிக்கட்டுக்குத் தன் கணக்கைச் சொல்லிவிடும்.

எந்தக் குமிழானாலும் அதன்மேல் கையைச் சும்மா வைத்துக்கொண்டே ஓட்டும் பழக்கம் கூடாது. அந்தச் சிறு அழுத்தம் கியர் பெட்டிக்குள் இருக்கும் கவட்டையை ஓயாமல் உரசித் தேய்க்கும். அழகான குமிழ் வாங்கியவருக்கு இந்தச் சபலம் அதிகம்.

வெயிலும் மழையும்

ஜப்பானிலும் ஜெர்மனியிலும் எழுதப்பட்ட குமிழ் சாஸ்திரம் கேரளத்தின் தட்பவெப்பத்துக்கு அப்படியே பொருந்தாது. மார்ச் மாத மதியம் காயலோரம் நிறுத்திய காரில், அலுமினியக் குமிழைத் தொட்டவர் கையை உதறிக்கொள்வார். பக்கத்திலுள்ள பிளாஸ்டிக்கும் அதே அளவு சூடாகத்தான் இருக்கிறது. ஆனால் உலோகம் தன் சூட்டைச் சட்டென்று தோலுக்குக் கடத்துகிறது. பிளாஸ்டிக்கும் மரமும் தயங்கித் தயங்கித் தருகின்றன. உலோகத்தில்தான் ஆசை என்றால் மேலே தோல் உறை, அல்லது நிறுத்தும்போது ஒரு துண்டுத் துணி.

மழைக்காலம் வேறு கதை. ஜூனில் பருவமழை பிடித்துக்கொண்டால் தோல் உறையில் பூஞ்சணம் பூக்கும். பித்தளை, வியர்வையும் உப்புக் காற்றும் பட்டுக் களிம்பேறும். குத்துவிளக்கைப் போல அதையும் புளி போட்டுத் தேய்க்கும் பொறுமை வேண்டும். மலிவான பிளாஸ்டிக்கின்மேல் பூசிய வெள்ளிப் பளபளப்பு, பெயர்ந்தால் பிளேடு மாதிரி விரலைக் கீறும். மரம் ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கும். தேக்கும் ஈட்டியும் விளைந்த நாட்டில் மரக் குமிழ் கடைந்து தர ஆள் கிடைப்பார். ஆனால் மரத்திலேயே மரை வெட்டினால் சில மாதங்களில் அது தேய்ந்து குமிழ் கையோடு வந்துவிடும். உள்ளே பித்தளை புஷ் இறக்கி, அதில்தான் மரை வெட்ட வேண்டும். வியர்வைக்கும் வெயிலுக்கும் ஈடு கொடுப்பதில், கெட்டியான நல்ல ரகப் பிளாஸ்டிக் உருண்டைக்கு நிகர் இல்லை என்பது அழகு ரசிகர்களுக்குக் கசக்கும் உண்மை.

யூதத் தெருவின் சபலம்

மட்டாஞ்சேரியில் இந்த ஆசைக்குத் தூபம் போட ஓர் இடமே இருக்கிறது. 1568இல் கட்டிய பரதேசி யூதர் ஆலயத்துக்குப் போகும் தெருவின் இரு பக்கமும் பழம்பொருள் கடைகள். கப்பல் திசைகாட்டி, பித்தளைப் பூட்டு, இடிக்கப்பட்ட வீடுகளின் கதவு, ஜன்னல், பீங்கான் கைப்பிடி. பழைய வீட்டுக் கதவில் இருந்த ஓர் உருண்டைக் கைப்பிடி, காரின் லீவர்மேல் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று நினைக்காத கார்ப் பிரியர் அபூர்வம்.

சபலம் நியாயமானது, பொருள்தான் வேறு. கதவுக் கைப்பிடியின் உள்ளே இருப்பது சதுரக் கம்பிக்கான துளை, அல்லது மரத்திருகாணி. லீவரின் மரைக்கு அதில் இடமில்லை. பீங்கான் என்றால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. உடையும்போது உள்ளங்கையில்தான் உடையும். கெட்டிப் பித்தளை உருண்டை என்றால் ஒரு வழி உண்டு. துறைமுக ஊரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. பழைய குமிழை மாதிரிக்குக் கொடுத்து, அதே ஆழத்தில், அதே மரையில் வெட்டச் சொல்லலாம். கூர்மையான விளிம்புகளை உருட்டிவிடவும் சொல்ல வேண்டும். வண்டி திடீரென்று நிற்கும்போது முழங்காலோ, பக்கத்தில் நிற்கும் குழந்தையோ முதலில் மோதுவது அதன்மேல்தான்.

வாங்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒன்றே ஒன்று. கடைக்காரர் அனுமதித்தால் குமிழை லீவரில் பொருத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, கிளட்ச்சை மிதித்து, கண்ணை மூடிக்கொண்டு எல்லாக் கியர்களுக்கும் ஒரு சுற்று போய் வர வேண்டும். ரிவர்ஸ் பூட்டை இருமுறை இயக்க வேண்டும். கை தேடாமல் போய்ச் சேர்ந்தால் அது உங்கள் குமிழ். தேடினால், எவ்வளவு பளபளத்தாலும் வைத்துவிட்டு வந்துவிடலாம். கழற்றிய பழைய குமிழைத் தூக்கி எறியக் கூடாது. காரை விற்கும் நாளில் வாங்குகிறவருக்கு அதுதான் வேண்டியிருக்கும்.

அந்த நாளும் நெருங்குகிறது. 2014இல் மாருதி செலேரியோவோடு மலிவு விலையில் கிளட்ச் இல்லாத கியர் வந்தது. 2020இல் ஹூண்டாய் வென்யூவில், கியர் லீவர் இருந்தும் கிளட்ச் மிதி இல்லாத ஏற்பாடு வந்தது. ஓட்டுநர் கியர் மாற்றப்போகிறார் என்பதை லீவரில் உள்ள உணர்கருவி கண்டுபிடித்துக்கொள்கிறது. அப்படிப்பட்ட லீவரில் குமிழை மாற்றும் சோதனையே வேண்டாம். மின்சாரக் காரிலோ மாற்றுவதற்குக் கியரே இல்லை.

நெரிசலில் கால் வலித்தவர்கள் தானியங்கிக்கு மாறுவதில் வியப்பில்லை. ஆனால் பஜார் ரோட்டில் லாரி நகர்ந்து, இரண்டாவது கியர் ‘டக்’கென்று விழுந்து, கார் சுதந்திரமாக முன்னால் போகும் அந்த ஒரு நொடியின் சந்தோஷம் உள்ளங்கையில்தான் தெரியும். அதைத் தெரிந்துகொள்ள ஆகும் செலவு, சரியாகத் தேர்ந்தெடுத்தால், சில நூறு ரூபாய்.